கடைபோக உருளைக்கிழங்கும் உறைபனியும்

நீலகிரி மலைநாட்டில் உருளைக்கிழங்கு ஆண்டிற்கு மூன்று போகமாகச் சாகுபடி செய்யப்படுகின்றது. தை, மாசியில் நீர் பாய்ச்சி நடப்படுவது நீர்போகம். சித்திரை, வைகாசியில் கோடை மழையை நம்பி நடப்படுவது கார்போகம். ஆவணி, புரட்டாசியில் நட்டு மார்கழி, தையில் தோண்டப்படுவது கடைபோகம். கார்போகத்திற்குப் பெரும் விரோதி, ஓயாத மழையில் பரவும் பின்கருகல் நோய். கடைபோகத்திற்கு விரோதி உறைபனி. நோய் சில நாட்களாவது அவகாசம் தரும். உறைபனியோ கிழங்கு பருத்து எடை கூடும் கடைசி வாரங்களில் வந்து, ஓரிரவில் தன் காரியத்தை முடித்துவிடும்.

உறைபனி மேலிருந்து மழைபோல் விழுவதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. பகலில் வெய்யிலால் ஏற்ற உஷ்ணத்தை நிலமும் இலையும் இரவு முழுவதும் வானத்தை நோக்கி வெளிவிடுகின்றன. மேகமிருப்பின் அது கம்பளிபோல் நின்று அவ்வுஷ்ணத்தில் ஒரு பாகத்தைத் திருப்பித் தரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்து, காற்றும் அசைவற்று, ஈரப்பதமும் குறைந்திருக்கும் இரவுகளில் அத்தகைய தடை யாதுமில்லை. இலையின் உஷ்ணம் சுற்றியுள்ள காற்றினும் தாழ்ந்து, விடியற்காலையில் உறைநிலைக்குக் கீழே செல்லும். உருளைக்கிழங்கின் இலை பூச்சியத்திற்குக் கீழ் இரண்டு, மூன்று டிகிரி சென்டிகிரேட் அளவில் உறைந்து கருகும்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். ஆதலால், ஒரே கிராமத்தில் மேட்டு நிலம் பசுமையாயிருக்க, ஓடைக்கரையிலும் சதுப்பை ஒட்டியும் உள்ள வயல் வெந்ததுபோல் காணப்படுவதில் வியப்பில்லை. இத்தகைய தாழ்நிலங்களே வண்டல் சேர்ந்த வளமான நிலங்களாகவும் இருப்பது குடியானவரின் துரதிர்ஷ்டம். அவற்றில் கடைபோகத்தை ஆவணி முற்பகுதியிலேயே நட்டுவிடுதல் உத்தமம். பதினைந்து நாள் தாமதம் நடவின்போது பெரிதாகத் தோன்றாது. மார்கழியில்தான் அதன் விலை தெரியும். சரிவின் குறுக்கே அடர்ந்த வேலி இருப்பின், இறங்கும் குளிர்காற்று அதன் மேற்புறத்தில் தேங்கும். கீழ்ப்புறத்தில் வழிவிட்டு வைத்தல் நலம்.

உஷ்ணமானியை நம்புவோரும் ஒன்று கவனிக்க வேண்டும். நிழற்பெட்டியில் ஆளுயரத்தில் வைத்த கருவி மூன்று, நான்கு டிகிரி காட்டும்போதே தரையையொட்டிய புல்லில் பனி உறைந்திருக்கக் கூடும். எனவே சிறிய உஷ்ணமானியொன்றைப் பயிரின் உயரத்திலேயே, வயலின் தாழ்ந்த மூலையில் வைத்துப் பார்ப்பதே பயன் தரும்.

தடுப்பு முறைகளில் எளியது நிலத்தை ஈரமாய் வைத்தல். ஈரமண் பகலில் அதிக உஷ்ணத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளிவிடும். வானம் தெளிந்து காற்று ஓயும் அறிகுறி காணின், முதல் நாள் பகலிலேயே நீர் பாய்ச்சுதல் வேண்டும். அப்பருவத்தில் வரப்பிடை கொத்திப் புழுதியாக்குதலும், சருகு பரப்புதலும் தவறு. இரண்டும் மண்ணின் உஷ்ணம் மேலே வருவதைத் தடுக்கும். மண் அணைப்பதை அதற்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.

தூவிகள் வைத்திருப்போர் இரவில் நீர் தூவிப் பயிரைக் காக்கலாம். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உஷ்ணம் வெளிப்படுகின்றது. அதுவே இலையைக் காக்கின்றது. ஆனால் இம்முறை இருபுறமும் கூரிய கத்தி. ஒரு கிராம் நீர் ஆவியாகையில் ஏறக்குறைய 600 கலோரி உஷ்ணத்தை உறிஞ்சும். நடுவில் எண்ணெய் தீர்ந்தோ மின்சாரம் நின்றோ தூவுதல் தடைப்பட்டால், தூவாத வயலைவிடத் தூவிய வயலே அதிகம் கெடும். உறைநிலைக்கு முன்னரே தொடங்கி, காலையில் பனிக்கட்டி தானே உருகும்வரை நிறுத்தாமல் நடத்தத் தண்ணீரும் இயந்திரமும் உறுதியாக உள்ளவர் மட்டுமே இதில் இறங்கலாம்.

குப்பையைக் கொளுத்திப் புகை எழுப்புவோரும் உளர். புகையால் வரும் நன்மை சொற்பம். நெருப்பின் உஷ்ணமே ஓரளவு உதவும். ஒரே பெரிய தீ சூடான காற்றை மேலே அனுப்பி வீணாக்கும். விறகின் விலையை நோக்கினால் இம்முறை கிழங்கு வயலுக்குக் கட்டாது. தேயிலை இளங்கன்றுகளைப் பெரணித் தழையால் மூடுவதுபோல் மூடுதலும் விதைக்கிழங்குப் பாத்திகளுக்கே ஏற்றது; பல ஏக்கருக்கு ஆகாது.

இத்தனை செய்தும் இலை கருகிவிட்டால், பதற்றத்தில் மறுநாளே தோண்டுவதுதான் பெருந்தவறு. மண்மூடிய கிழங்கை ஓரிரவுப் பனி தொடுவதில்லை. தோல் முற்றாத கிழங்கோ மூட்டையில் உராய்ந்து அழுகும். நுனி மட்டும் கருகிய செடி மீண்டும் தழைக்கலாமாதலால், நாள் குறைந்த பயிராயின் சில தினங்கள் பொறுத்துப் பார்க்கலாம். தண்டு முழுதும் கருகியிருப்பின் கிழங்கு இனிப் பெருக்காது. அப்பொழுது தண்டை அறுத்து அப்புறப்படுத்தி, பத்து முதல் பதினைந்து நாள் தோல் முற்றவிட்டுத் தோண்ட வேண்டும். வரப்பின் மேல் வெளியே தெரிந்து பனியில் உறைந்த கிழங்குகள் விரைவில் நீர்த்து அழுகும். அவற்றை நல்லவற்றோடு சேர்த்தல் ஆகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியதொன்று. பேரிடர் நிவாரண நிதி விதிகளில் குளிர் அலையும் உறைபனியும் 2012ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. 2015 முதல் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமுற்ற பயிர் இடுபொருள் உதவிக்கு உரியதாயிற்று. ஆதலால் சேதத்தின் காரணமும் அளவும் சரிவரப் பதியப்படுதல் அவசியம். பின்கருகல், ஈரமான நாட்களில் இலையில் திட்டுத் திட்டாகத் தொடங்கி, அடிப்புறத்தில் வெண்பூஞ்சை காட்டிப் பரவும். உறைபனியோ ஓரிரவில், தாழ்ந்த பாகத்தில், மேலிலைகளை ஒருங்கே கருக்கும். ஒரு வாரம் கழித்துச் சென்றால் இரண்டும் ஒன்றுபோலவே காய்ந்து கிடக்கும். பார்வையிடுவோர் அன்றோ மறுநாளோ வயலின் மேற்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் தனித்தனியே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.