முள் குத்திய காலும் வெள்ளை அணுக்களும்

மண்டிக்காரர் மருத்துவம் பேசலாமா என்று கேட்க வேண்டாம். விரல் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

கோடியக்கரையில் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. கல்லா இருப்பது லட்சுமி இருக்கும் இடம் என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவது நம் தொழிலில் வழக்கம். சரக்கு இறக்கிய இடத்தில் கிடந்த முள் சுண்டுவிரலில் ஏறியது நமக்குத் தெரியவே இல்லை. பதினைந்து ஆண்டுச் சர்க்கரை; காலில் உணர்ச்சி குறைவு. வேட்டியில் சீழ் பட்டிருப்பதை ஐந்தாம் நாள் கடைப் பையன்தான் பார்த்துச் சொன்னான். விரலை எடுத்துவிட்டார்கள்.

படுக்கையில் இருந்தபோது டாக்டரிடம் கேட்டதும் பிறகு படித்ததும் இது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் உண்டு. பிறப்பது எலும்பு மஜ்ஜையில். இவற்றில் பெரும்பங்கு நியூட்ரோபில் என்ற வகை. நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி உற்பத்தியாகிறதாம். எந்த மில்லிலும் இந்தக் கணக்கு கிடையாது!

இவற்றின் வேலையைக் காட்டிக் கொடுத்ததும் ஒரு முள்தான். 1882-ல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்து நின்றன. 1908-ல் நோபல் பரிசு பெற்றார்.

நம் காலிலும் இதுவே நடக்கிறது. முள்ளோடு கிருமி நுழைந்ததும் அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சிவப்பு, சூடு. நீர் கசிந்து வீக்கம். அந்த வழியாக வெள்ளை அணுக்கள் வெளியேறிக் கிருமிகளை விழுங்குகின்றன. சண்டையில் மடிந்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததே சீழ். ஆகவே வீக்கம் என்பது படை வந்திறங்கிய அடையாளம். சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கு அந்தப் படை தாமதமாக வருகிறது, விழுங்கும் வேகமும் குறைவு. வலியும் தெரியாததால் எச்சரிக்க ஆளில்லை.

இரத்தப் பரிசோதனையில் 'டோட்டல் கவுண்ட்' ஏறினால் பெரும்பாலும் கிருமித் தொற்று என்று பார்ப்பார்கள். ஈசினோபில் என்ற வகை மட்டும் ஏறியிருந்தால் கதை வேறு: ஒவ்வாமை அல்லது புழு. மிளகாய்த் தூசி இருமல் என்று நாம் தள்ளிவிடும் இரவு இருமல் சிலருக்கு யானைக்கால் புழுவால் வருவது. இந்த நோயை வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் 1943-ல் விவரித்து எழுதினார். புழுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. மாத்திரையில் குணமாகும்.

சர்க்கரை உள்ள அன்பர்கள் கடை அடைத்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காயம் கண்டால் சுண்ணாம்பும் மஞ்சளும் தடவிக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். நாம் இப்போது கடைக்குள் மட்டும் போட ஒரு ஜோடி செருப்பு தனியே வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள். லட்சுமி ஒன்றும் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை.