ஐயருக்கு யார் ஐயர்?

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. சித்தப்பா குருமனைத் திண்ணையில் மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர் ஒருவர் படியேறி வந்து, "ஐயரே, அசனக் கணக்குல ஒரு சின்ன சந்தேகம்" என்று கோயில் விருந்துக் கணக்கு நோட்டை விரித்தார். அந்தச் சின்ன சந்தேகம் தீர நள்ளிரவாகிவிட்டது. விடிந்தால் மூன்று ஊர்களில் ஆராதனை. கடைசிக் கோயிலில் திருவிருந்துக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் அதைப் பரிசுத்த ஆவியின் அசைவாடல் என்றே எடுத்துக்கொண்டார். சித்திக்குத்தான் விஷயம் தெரியும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, திருவிருந்து முடியும்வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்ற பழக்கத்தையும் விடாமல் பிடித்திருந்தார் மனுஷர்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். பிரசங்கம், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை, வீடு சந்திப்பு என்று வெளியில் தெரிகிற வேலை பாதிதான். அவர் பொறுப்பிலுள்ள ஊர்ச் சபைகளான சேகரத்தின் பள்ளிக்கூடக் கட்டடம், காணிக்கைக் கணக்கு, பாகப்பிரிவினைச் சண்டை, ஓடிப்போன பிள்ளையைக் கூட்டிவருவது எல்லாம் மீதிப் பாதியில் வரும். டயோசிஸ் எலெக்‌ஷன் வந்துவிட்டால் யார் வீட்டில் காப்பி குடித்தார் என்பதுகூட அரசியல். ஒருவழியாக ஊர் பழகும்போது மாற்றல் உத்தரவு வந்து நிற்கும்.

வேலை ஆளைத் தின்றுவிடும் இந்த நிலைக்கு 'பர்ன் அவுட்' என்று 1974இல் பெயர் வைத்தவர் ஹெர்பெர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகக் கருதவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்று வகைப்படுத்தியிருக்கிறது. தீராத அசதி, வேலைமீதே ஒரு வெறுப்பு, எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஐயர்மார் விஷயத்தில் இரண்டாவதுதான் கொடுமை. ஜனங்களை நேசிக்க வேண்டியவருக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எரிச்சல் வந்ததற்காகக் குற்ற உணர்வும் கூடவே வருகிறது.

இது விசுவாசக் குறைவு அல்ல. லண்டனில் ஆயிரக்கணக்கானோரைத் தன் பிரசங்கத்தால் இழுத்த சார்லஸ் ஸ்பர்ஜனுக்கு 1856 அக்டோபர் 19 அன்று வயது 22. சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் கூட்டத்தில் யாரோ தீ என்று பொய்யாகக் கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சி அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. மனச்சோர்வைப் பற்றிப் பிரசங்க பீடத்திலேயே அவர் பேசினார். குளிர்காலங்களில் பிரான்சின் மென்டோனுக்குப் போய் ஓய்வெடுத்தார். பாஸ்டர் ஊரில் இல்லையே என்று அவருடைய சபை கலைந்துவிடவில்லை.

நம்மூரில் நடப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அல்லது செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் மனநல மருத்துவமனை வரிசையில் ஐயர் நின்றதைச் சபையார் யாராவது பார்த்துவிட்டால்? அந்த பயத்தில் இன்னொரு உபவாச ஜெபம் வைக்கிறார். ஜெபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லெந்து நாட்களில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு உபவாசம் இருப்பவர் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர், சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லிவிட்டு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு நடத்தும் மனநல சேவையில் சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், இலவசம். உயிர் ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. பிஷப் அலுவலகம் கேட்டாலும்தான். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே போலீஸ் கேஸுக்குப் பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஐயருக்கு இன்னொரு பாரம் பிறர் ரகசியங்கள். வக்கீலிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு; ஐயரிடம் சொன்னதற்கு அப்படித் தனிப் பிரிவு இல்லை. குறிப்பாகக் குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை காதுக்கு வந்தால், குடும்ப மானம், சபை மானம் என்று மூடி வைக்க முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். "என்னிடம் எதையும் சொல்லலாம், ஆனால் குழந்தை விஷயத்தை என்னால் மறைக்க முடியாது" என்று ஐயர் சபையில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தனியாகச் சுமந்து தூக்கம் கெடுவதும் குறையும்.

வாடகை ஹாலில் சபை நடத்தும் தனிப் பாஸ்டர்களின் பாடு இன்னும் மோசம். மாதச் சம்பளம் இல்லை, மேலே பிஷப் இல்லை, தசமபாகம் குறைந்தால் வீட்டு வாடகை இடிக்கும். பக்கத்து ஊர் பாஸ்டர்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை, வளர்ச்சிக் கணக்கு பேசாமல், சேர்ந்து சாப்பிடுவதே பெரிய காரியம்.

சபையார் செய்யக்கூடியதும் கஷ்டமானதல்ல. கணக்கைப் பொருளாளரிடம் விடுங்கள். மோசேக்கு எத்திரோ சொன்ன யோசனையும் அதுதான். மாமனார் சொன்னதை மருமகன் கேட்ட அபூர்வமான இடம் அது. வாரத்தில் ஒரு நாளை ஐயருடைய நாள் என்று கமிட்டி தீர்மானமாகவே எழுதுங்கள். அன்றைக்குச் சாவு விழுந்தால் தவிர போன் போகக் கூடாது. வருஷ விடுப்பில் அவருக்குப் பதில் யார் ஆராதனை நடத்துவது என்பதைச் சேகரமே ஏற்பாடு செய்யட்டும்.

சித்தப்பாவுக்கும் ஒருவழியாகத் திங்கட்கிழமை ஓய்வு என்று தீர்மானம் போட்டார்கள். முதல் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அதே கமிட்டிக்காரர் அதே நோட்டோடு வந்தார். உள்ளே சித்தப்பாவின் குறட்டை திண்ணைவரை கேட்டுக்கொண்டிருந்தது. சித்தி கதவைப் பாதி சாத்திக்கொண்டு, கண்ணிமைக்காமல் சொன்னார்: "ஐயர் வெளியூர் போயிருக்காங்க."