தரிசு எனப்படும் நிலமும் இனிப்பு இறுங்கும்: புத்தளக் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்தில் இறுங்கு எனவும் தமிழகத்திற் சோளம் எனவும் வழங்கும் பயிரின் ஒரு வகையே இனிப்பு இறுங்கு. இதன் தண்டு கரும்பு போலச் சாறுடையது. ஏறத்தாழ நான்கு மாதங்களில் முதிர்வது. கரும்பினும் குறைந்த நீரில் விளைவது. சாற்றிலிருந்து பாகும் எதனோலும் பெறலாம். சக்கை கால்நடைத் தீவனமாகும். ஆதலின், பிற பயிர்களுக்கு உதவாத நிலத்துக்கு ஏற்றது இது என்பர். புத்தளக் கரையோரத்தில் அத்தகைய நிலம் எது என்பதே ஈண்டு எழும் வினா.

முதலில் நோக்கற்பாலது உவர். மண்ணின் நிரம்பற் சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 6.8 டெசிசீமன் வரை இறுங்கின் தானிய விளைச்சல் குறைவதில்லை. அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 16 வீதம் குறையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 8.8 அலகில் விளைச்சலின் மூன்றிலொரு பங்கு அற்றுப்போகும். கடனீரேரியை அடுத்துக் கைவிடப்பட்ட இறாற்பண்ணைகளோ உவர்நீர் தேங்கிக் கிடந்தவை. கண்டல் அழித்து வெட்டிய குளங்களில் அடிமண்ணின் சல்பைட்டு காற்றுப்பட்டு அமிலமாதலும் உண்டு. மண்ணைச் சோதியாது அங்கு விதைத்தல் வீண்.

அடுத்தது நீர். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கின்றது. மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். மிகையாக இட்ட பசளையின் நைத்திரேற்றுக் கிணற்றைச் சேரும். எனவே ஒக்டோபர் மழையோடு விதைத்து மானாவாரியாக வளர்ப்பதே தகும்.

மூன்றாவது, நிலத்தை நம்பியுள்ளோர். ஏட்டிலே தரிசு எனப்படுவது மாடு மேயும் தரையாக, கருவாடு காயும் மணலாக, விறகு தரும் பற்றையாக இருத்தல் கூடும். 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டத்திலேயே. ஆங்கு நிலம் யாருக்கும் உரியதன்று எனக் கூறுதல் எளிதன்று. 1980களிற் பெருகிய இறால் வளர்ப்பும் பயனற்ற நிலம் எனக் கருதப்பட்ட சேற்றுநிலங்களையும் கண்டற் காடுகளையும் பற்றியே பரவிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பல குளங்கள் வெறுமையாயின. இழந்த கண்டலோ மீளவில்லை.

ஆகவே மண், நீர், மக்கள் என்னும் மூன்று சோதனைகளிலும் தேறிய நிலமே இதற்குரியது. வெட்டிய தண்டு ஓரிரு நாளிற் சர்க்கரையை இழக்கத் தொடங்குமாதலின், அரவை ஆலையும் அண்மையில் இருத்தல் வேண்டும். இவை யாவும் கூடும் இடம் சிறிதாகவே இருக்கலாம். அச்சிறுமையை முன்னரே அறிந்துகொள்வதே மதிப்பீட்டின் பயன்.