எந்தக் குழு?

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். நான் அப்போது தரம் எட்டில் படித்துக்கொண்டிருந்தேன். இஷா தொழுதுவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், புர்காவை உடனடியாகத் தடை செய்ய வேண்டும் என்று பாராளுமன்றக் குழுவொன்று பரிந்துரைத்திருப்பதாக வானொலிச் செய்தியில் சொன்னார்கள். உம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாப்பாவைப் பார்த்தார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு மாமியும் வந்துவிட்டார்.

"நாளைக்கு எனக்கு கிளினிக் இருக்கு. முகத்த மூடிக்கொண்டு போக ஏலுமா, ஏலாதா?"

வாப்பாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. "குழு சொல்லியிருக்காம்" என்றார். அதற்குமேல் அவரிடம் பதில் இல்லை. மாமி அடுத்த நாள் கிளினிக் போகவில்லை. மருந்து முடிந்து, அடுத்த திகதி கிடைக்கும் வரை மூன்று கிழமை சிரமப்பட்டார்.

மாமி பயந்ததில் குற்றமில்லை. அதற்கு முந்திய வருடம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து எட்டு நாட்களில், 2019 ஏப்ரல் 29 முதல், முகத்தை மூடுவது அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் தடை செய்யப்பட்டது. முதல் நாள் இரவு அறிவித்தல்; மறுநாள் காலையில் அது சட்டம். அவசரகால நிலை அந்த ஓகஸ்டில் முடிவடைந்ததும் அந்தத் தடையும் முடிவடைந்தது. அதை அனுபவித்த ஒருவருக்கு, வானொலியில் 'தடை' என்ற சொல் விழுந்தாலே போதும்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்த பிறகுதான் மாமியின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் வந்தது. அன்றைய செய்தியில் சொல்லப்பட்டது தேசிய பாதுகாப்பு பற்றிய துறைசார் மேற்பார்வைக் குழு. அது பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட குழு. அது அறிக்கை தரலாம், பரிந்துரை செய்யலாம். சட்டம் ஆக்க அதனால் முடியாது. அதன் பரிந்துரை சட்டமாக வேண்டுமானால் அமைச்சர் ஒருவர் அதை ஏற்று அமைச்சரவைக்குக் கொண்டுபோக வேண்டும். சட்டமூலம் வரையப்பட்டு வர்த்தமானியில் வெளிவர வேண்டும். நீதிமன்றத்தில் எவரும் அதனைச் சவாலுக்கு உட்படுத்தலாம். பிறகு சபையில் வாக்கெடுப்பு. அந்த அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டு இரண்டு கிழமை முடிவதற்குள், மார்ச் 2ஆம் திகதி, பாராளுமன்றமே கலைக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் முகத்தை மூடுவதைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது என்றும் செய்தி வந்தது. இதை எழுதும் வரை அப்படியொரு சட்டம் நிறைவேற்றப்படவில்லை. மாமி அன்று தாராளமாகக் கிளினிக் போயிருக்கலாம்.

அப்படியென்றால் இந்தக் குழுக்கள் எதற்கு? வெறும் பேச்சுக்கா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நமது பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். தொலைக்காட்சியில் நாம் காண்பது சபை மண்டபத்தை மட்டும்தான். அங்கே ஒருவர் எழும்பிப் பேசுவார், மற்றவர் இடையில் கத்துவார், பெரும்பாலும் பேச்சு தன் தொகுதி மக்களின் காதுக்காகவே இருக்கும். ஒரு கூட்டுத்தாபனம் ஏன் நட்டத்தில் ஓடுகிறது, ஓர் ஒழுங்குவிதி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று பக்கம் பக்கமாகப் பார்க்கும் வேலை அங்கே நடக்காது, நடக்கவும் முடியாது. அது குழு அறையில்தான் நடக்கும். அங்கே ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டினதும் உறுப்பினர்கள் ஒரே மேசையைச் சுற்றி இருப்பார்கள். எதிரே அமைச்சின் செயலாளரும் திணைக்களத் தலைவரும் கோவைகளோடு வந்து அமர வேண்டும். குழு ஆட்களையும் ஆவணங்களையும் அழைப்பிக்கலாம்.

இவற்றில் அதிகம் பேசப்படுவது கோப் குழு. பொது முயற்சிகள் பற்றிய குழு என்பது அதன் முழுப்பெயர். 1979 ஜூன் 21ஆம் திகதி அமைக்கப்பட்டது. அரசுக்குப் பங்குள்ள கூட்டுத்தாபனங்கள், சபைகள், வங்கிகள் ஆகியவற்றின் கணக்குகளை அது பார்க்கும். அமைச்சுகள், திணைக்களங்களின் கணக்குகளைப் பார்ப்பது கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. வரிகளையும் அரசின் வரவு செலவுகளையும் கவனிக்க அரசாங்க நிதி பற்றிய குழு இருக்கிறது. இவை பணத்தின் பின்னால் போகும் குழுக்கள். துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் கொள்கையின் பின்னால் போகின்றன. தம் துறைக்குள் வரும் சட்டமூலங்களையும் ஒழுங்குவிதிகளையும் உடன்படிக்கைகளையும் அறிக்கைகளையும் அவை ஆராயலாம்.

இங்கே உறுப்பினர்களைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். அவர் கணக்காய்வாளர் தலைமை அதிபதி. கோப், கோபா குழுக்களின் கேள்விகள் பெரும்பாலும் அவரது அறிக்கையிலிருந்தே பிறக்கின்றன. அந்த அறிக்கை மேசையில் இல்லையென்றால் உறுப்பினர் கேட்பதும் அதிகாரி சொல்வதும் வெறும் வாய்ப்பேச்சாகவே போய்விடும்.

வாப்பா கோப் குழுவைக் கவனிக்கத் தொடங்கியது கணக்காய்வுக்காக அல்ல. 2023 நவம்பரில் கிரிக்கெட் நிறுவன அதிகாரிகளை அக்குழு அழைத்தபோது, உலகக் கிண்ணத் தோல்விக் கோபத்தில் இருந்த அவர், மச் பார்ப்பது போலச் செய்தி பார்த்தார். 2019க்கு முன் இதைக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்த வருடம்தான் கோப் குழுவின் அமர்வுகள் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

ஒரு குழுவால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருடத் திறைசேரி முறிகளை ஏலத்தில் விற்றது. திறைசேரி முறி என்பது அரசாங்கம் கடன் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பத்திரம். 100 கோடி ரூபாவுக்கு என்று அறிவித்துவிட்டு, 1,000 கோடிக்கும் மேற்பட்ட தொகைக்கு விலைமனுக்களை ஏற்றுக்கொண்டார்கள். தொகை கூடக் கூட, கூடிய வட்டி கேட்டவர்களின் மனுக்களும் உள்ளே வந்துவிடும். அந்த வட்டியை 30 வருடங்களுக்குக் கட்டுவது யார்? இன்று முன்பள்ளிக்குப் போகும் என் தம்பியும் அவன் வயதுப் பிள்ளைகளும்தான்.

டியூ குணசேகர தலைமையிலான கோப் குழு அதை விசாரிக்கத் தொடங்கியது. அறிக்கை சபைக்கு வருமுன், 2015 ஜூன் 26ஆம் திகதி, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பாராளுமன்றம் கலைந்தால் அதன் குழுக்களும் இல்லாமல் போய்விடும். தேர்தலுக்குப் பிறகு எதிர்க்கட்சி உறுப்பினர் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையில் அமைந்த புதிய குழு மறுபடியும் விசாரித்தது. 2016 ஒக்டோபர் 28ஆம் திகதி அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. அப்போதைய ஆளுநரே பொறுப்புக் கூற வேண்டும் என்றும், சட்ட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஆளும் தரப்பு உறுப்பினர்கள் சிலர் அடிக்குறிப்புகளோடுதான் உடன்பட்டார்கள். அந்த அடிக்குறிப்புகள் நாட்டில் பெரிய பகிடியாகிப் போனது வேறு கதை. அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆளுங்கட்சியினரும் இருந்த குழுவொன்று, ஆளுங்கட்சிக்குச் சங்கடமான உண்மையை ஆவணமாக்கி வைத்தது. ஆனால் குழுவுக்கு எவரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை, அதற்கு முன் சட்டமா அதிபரின் வேலை.

குழு இல்லாத நேரத்தில் என்ன நடக்கும் என்பதை நமது சமூகம் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

பாராளுமன்றம் கலைந்தது 2020 மார்ச் 2 என்று மேலே சொன்னேன். புதிய பாராளுமன்றம் கூடியது ஓகஸ்ட் 20. இடையில், ஏப்ரல் 11ஆம் திகதி, தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சரின் ஒழுங்குவிதியொன்று வர்த்தமானியில் வந்தது. கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அடக்கம், தகனம் இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. அந்த ஒழுங்குவிதியை எதிரே வைத்துக் கேள்வி கேட்க அன்று நாட்டில் ஒரு பாராளுமன்றக் குழுகூட இருக்கவில்லை.

அக்காலத்தில் செய்திகளில் 'குழு' என்ற சொல் வராத நாளில்லை. நிபுணர் குழு சொன்னது, தொழில்நுட்பக் குழு சொன்னது என்பார்கள். அவை சுகாதார அமைச்சு நியமித்த குழுக்கள். அமைச்சருக்கு ஆலோசனை சொல்வது அவற்றின் கடமை. பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்வதல்ல. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்ற காரணம் சொல்லப்பட்டது. டிசம்பர் இறுதியில் வேறொரு நிபுணர் குழு, அடக்கமும் செய்யலாம் என்று கருத்துத் தந்தது. அதன் பிறகும் ஒழுங்குவிதி மாறவில்லை. ஓகஸ்டுக்குப் பின் பாராளுமன்றம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. உறுப்பினர்கள் சபையில் உரத்துப் பேசினார்கள். ஆனால் சபையில் பேசுவதும் குழுவில் விசாரிப்பதும் ஒன்றல்ல. நிலத்தடி நீர் பற்றிய ஆய்வு எங்கே, யார் செய்தது, எந்த மண்ணில், எத்தனை அடி ஆழத்தில், வேறு நாடுகளில் ஒரு சம்பவமாவது பதிவாகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, அதை அறிக்கையாக்கி நாடு பார்க்க வைக்கும் இடம் குழு அறை. இந்தக் கேள்விகளை நான் என் கொப்பியில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை.

உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆம் திகதி மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி புதிய வர்த்தமானி வந்து, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களின் குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பால் என்ன ஆகும் என்று உம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு குழுவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னையும் இதை வாசிக்கும் என் தோழிகளையும் நேரடியாகத் தொடுவது. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. அதன் திருத்தங்களை ஆராய 2009இல் நீதி அமைச்சினால் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 2018 ஜனவரியில்தான் அறிக்கை கையளிக்கப்பட்டது. ஒன்பது வருடங்கள்! அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து, இரண்டு நிலைப்பாடுகளாக. அதுவும் பாராளுமன்றக் குழு அல்ல. திருமண வயது பற்றியும், மணமகள் தன் கையால் ஒப்பமிடுவது பற்றியும் நமது வீடுகளில் நடக்கும் வாதங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் சரி என்று இங்கே எழுதப் போவதில்லை. என் விருப்பம் வேறு. அந்தச் சட்டமூலம் என்றாவது சபைக்கு வருமானால், அது ஒரு துறைசார் மேற்பார்வைக் குழுவின் மேசைக்கும் வர வேண்டும். உலமாக்களும் காழி நீதிபதிகளும் அங்கே அழைக்கப்படட்டும். அவர்களோடு, காழி நீதிமன்றத்தில் தாபரிப்புக்காக அலைந்த பெண்களும், பதினெட்டு வயதைத் தாண்டாத ஒரு மாணவியாவதும் அழைக்கப்பட வேண்டும்.

அழைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் படிக்கும்போதுதான் அறிந்தேன். பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று உண்டு. அரச அலுவலகமொன்றினால் அநீதி நேர்ந்த எந்தப் பிரஜையும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாக அங்கே மனுச் சமர்ப்பிக்கலாம். தமிழில் எழுதலாம். உறுப்பினர் நம் ஊரவராக இருக்க வேண்டும் என்றோ நம் கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்றோ இல்லை. துறைசார் குழுக்களும் சில வேளைகளில் பொதுமக்களின் எழுத்துமூலக் கருத்துகளைக் கோரிப் பத்திரிகையில் விளம்பரம் போடுவதுண்டு. வாப்பா பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்; அந்த விளம்பரமும் பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும்.

மாமிக்கு இதையெல்லாம் போன நோன்புப் பெருநாளுக்குப் போனபோது சொன்னேன். வட்டிலாப்பத்தை என் முன்னால் தள்ளிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "இது எல்லாம் அண்டைக்கே தெரிஞ்சிருந்தா என்ட மருந்து தப்பியிருக்கும்" என்றார். இப்போது செய்தியில் 'குழு' என்று வந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்கிறது:

"மகள், இது எந்தக் குழு? அமைச்சர்ட குழுவா, பாராளுமன்றத்துக் குழுவா?"