விட்டவர் தங்கும் வீடு

குடியையோ வேறு போதைப் பழக்கத்தையோ விட்டொழிக்கும் பொருட்டு மருத்துவமனையில் சில வாரங்கள் தங்கியிருந்த ஒருவர் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மும்பைத் தாராவியில் பிழைக்கும் நம்மவர். அவர் எங்கே போவார்? பழைய சந்துக்குத்தான். சம்பள நாள் மாலையில் அதே முனையில் அதே நண்பர்கள் நிற்கிறார்கள். மனம் உறுதியாகவே இருக்கிறது. கால்கள்தாம் பழகிய வழியை மறக்கவில்லை.

இதனை மனத்தளர்ச்சி என்று பழிப்பது முறையன்று. உணவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய ஓசை, உணவு இல்லாத வேளையிலும் நாயின் வாயில் நீர் ஊறச் செய்ததை ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் காட்டினார். கடையின் விளக்கும், கூட்டாளியின் குரலும், பழகிய தெருவின் வாடையும் போதைக்குப் பழகிய உடலில் அவ்வாறே வேலை செய்கின்றன.

வியட்நாமிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அங்கிருந்தபோது ஏறக்குறைய ஐவரில் ஒருவர் ஹெராயின் போன்ற பொருள்களுக்கு அடிமைப்பட்டிருந்தனர். தாயகம் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. இடமாற்றம் ஒன்றே இதனைச் செய்தது என்று கூறிவிட முடியாது; போர்க்களத்து அச்சமும், சரக்கு மலிவாகக் கிடைத்த நிலையும் கூடவே அகன்றன அல்லவா?

"அப்படியானால் ஊருக்கு அனுப்பிவிடலாமே" என்று நேயர்கள் நினைக்கலாம். வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் முதலில் எழும் யோசனை இதுதான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அப்படைவீரர்கள் வியட்நாமுக்குத் திரும்பிப் போகவில்லை. நம்மவரோ மூன்று மாதம் ஊரில் இருந்துவிட்டு, பிழைப்புக்காக அதே சந்துக்கு வந்தே தீர வேண்டும். குடிக்கப் பழகியதே ஊரில்தான் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, இனி வாழப்போகும் நகரத்திலேயே, பழைய சந்துக்கு அப்பால் ஓர் இருப்பிடம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில் 1975இல் இத்தகைய இல்லம் ஒன்று தோன்றியது. அங்கிருந்த அரசாங்க விடுதி மூடப்படவே, அதில் இருந்தவர்களே வாடகையைப் பகிர்ந்து வீட்டை நடத்தலாயினர். ஆக்ஸ்போர்டு இல்லம் என்று அதற்குப் பெயர். மேலதிகாரி எவரும் இல்லை. மீண்டும் குடித்தவர் வெளியேற வேண்டும் என்பது கண்டிப்பான விதி. இல்லினாய் மாநிலத்தில் 150 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், இவ்வில்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 31 பேரும், வழக்கமான முறையில் விடப்பட்டவர்களுள் 65 பேரும் போதைப் பொருளை நாடியிருந்தனர்.

இவ்வில்லங்கள் ஊருக்கு வெளியே தோப்புக்குள் இருப்பவை அல்ல. குடும்பங்கள் வாழும் சாதாரணத் தெருக்களில் இருப்பவை. வம்பும் அங்கேதான் பிறந்தது. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரில், உறவினரல்லாதோர் ஐவருக்கு மேல் ஒரே வீட்டில் வசிக்கலாகாது என்ற விதியைக் காட்டி நகராட்சி தடுத்தது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருந்தால்தான் வாடகையும் கட்டுபடியாகும், ஒருவருக்கொருவர் துணையும் கிட்டும் என்று இல்லத்தார் வாதிட்டனர். குடியிருப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தினின்று அவ்விதிக்கு விலக்கு இல்லை என்று 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயலாரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த அச்சம் வெற்றி பெறும் இடங்களில், இத்தகைய வீடு மதுக்கடையும் கஞ்சா வியாபாரமும் மலிந்த மலிவான தெருவுக்கே தள்ளப்படுகிறது. அங்கே மருந்தையும் நோயையும் ஒரே தட்டில் வைத்ததாகிவிடும்.

நம் நாட்டில் சென்னையில் 1980இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் நிலையமும், புனேயில் 1986இல் தொடங்கிய முக்தாங்கணும் சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. எங்கே சிகிச்சை பெற்றாலும், அதன்பின் தங்கும் வீட்டைத் தேர்வதற்குமுன் உறவினர் ஒருவர் மாலை வேளையில் அத்தெருவில் நடந்து பார்த்துவரட்டும். வேலைக்குப் போகும் பேருந்து அருகில் நிற்கிறதா? அந்த நிறுத்தத்துக்குப் போகும் வழியில் மதுக்கடை உண்டா? மனைவி மக்கள் ஞாயிறன்று வந்து திரும்ப இயலுமா? இன்னொன்றும் உண்டு, நம்மவர்களுக்கு இது சிறிய சங்கதியன்று. கடைத்தெருவுக்குப் போதுமான இந்தியோ மராத்தியோ, நள்ளிரவில் தன் ஆசையையும் அவமானத்தையும் வாய்விட்டுச் சொல்லப் போதாது. அவ்வீட்டிலோ, அதற்கு அண்மையில் கூடும் மீண்டோர் கூட்டத்திலோ தமிழ் பேசுபவர் ஒருவரேனும் உண்டா என்று விசாரியுங்கள்.