பொருநைக் கரையிலே – 11: சந்நிதியை நோக்கிய அரங்குகள்

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வயல்களை நனைத்துக்கொண்டு செல்லும் தாமிரபரணியின் இரு கரையிலும், வெயில் காலம் வந்துவிட்டால், அம்மனுக்கும் மாடனுக்கும் கொடை என்னும் விழா எடுப்பதில் ஊருக்கு ஊர் போட்டி. சங்கீதப் பிரியர் ஒருவர் அப்படியொரு கொடைக்கு இரவு வேளையில் வந்து நின்றாரானால், ஒரே களத்தில் மூன்று கச்சேரிகள் ஒன்றையொன்று சற்றும் பொருட்படுத்தாமல் நடப்பதைக் கண்டு திகைத்துப்போவார். மயிலாப்பூர் சபாக்களில் பழகிய காதாக இருந்தால், இது வெறும் இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாலும் வியப்பதற்கில்லை.

அவசரப்படாமல் ஒவ்வோர் அரங்காகச் சென்று பார்ப்பதே உசிதம். சந்நிதிக்கு நேர் எதிரே, ஓலைப் பந்தலின் கீழ் அமைந்திருப்பது வில்லுப்பாட்டு. மணிகள் கோத்த நீண்ட வில், மண்குடத்தின் கழுத்தில் கட்டுண்டு கிடக்க, புலவர் இரு கைகளிலும் வீசுகோலைப் பிடித்து நாணை அடித்துக்கொண்டே கதையைப் பாடுவார். வலம் பாடுவோர் ஒருபுறமும் இடம் பாடுவோர் மறுபுறமுமாக இருந்து அடியை ஏந்திக்கொள்ள, உடுக்கையும் கட்டையும் ஜால்ராவும் கூடவே வரும். குடத்தின் வாயைப் பத்தி என்னும் மட்டையால் அறையும்போது எழுகிற அந்தக் கும்மென்ற நாதம், மிருதங்கத்தின் தொப்பிக்குக் கூடக் கைவராது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பக்கவாட்டில் நையாண்டி மேளம். நாகஸ்வரம், தவில், பம்பை, தாளம் என்று அதற்கென ஒரு சேர்மானம்; கரகாட்டமும் அதனோடு சேர்ந்ததே. இதே நதிக்கரையின் காருகுறிச்சியில் 1921-ல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1964-ல் மறைந்த அருணாசலத்தின் நாகஸ்வரம் ராக ஆலாபனையில் நின்று நிதானித்தது. நையாண்டி மேளத்தின் நாகஸ்வரத்துக்கோ நிற்க நேரமில்லை. அதற்காக அதைத் தாழ்த்திச் சொல்வது நியாயமுமில்லை.

மூன்றாவது அரங்கு மகுடம். கணியான் கூத்து என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். நெல்லைச் சீமைக்கும் அதை அடுத்த தென்பகுதிக்குமே உரிய இந்தக் கலையை, பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்ற கணியான் என்னும் மிகச் சிறிய சமூகத்தார் பரம்பரையாகப் பேணி வருகிறார்கள். கதையைப் பாடும் அண்ணாவி ஒருவர், பின்பாட்டுக்காரர், மகுடம் அடிப்போர் இருவர், பெண்வேஷம் பூண்டு சலங்கை கட்டிய ஆடவர் இருவர், இவ்வளவுதான் குழு. உட்கார மேடையும் இல்லை, உயர்த்திய பலகையும் இல்லை. விடிய விடிய நின்றுகொண்டே பாடவேண்டும். வட்டமான மரச்சட்டத்தில் தோல் போர்த்திய மகுடம் உச்சம், மந்தம் என்று இரண்டு. பனியில் தோல் தளர்ந்ததும், பாட்டின் நடுவிலேயே ஒதுங்கிச் சென்று தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டு வருவார்கள். சுடலைமாடனின் பிறப்பு முதல் அவன் செய்த அட்டகாசங்கள் வரை அண்ணாவி சொல்லிக்கொண்டே போக, கொட்டின் உக்கிரம் ஏறிக்கொண்டே போகும். நள்ளிரவுச் சாமக்கொடையில் கணியான் தன் கையைக் கீறி உதிரத்தைத் தெய்வத்துக்குக் கொடுக்கிற கைவெட்டு என்னும் சடங்கும் உண்டு. பாடகனாக வந்தவன் அந்தக் கணத்தில் பலிகொடுப்பவனாகவும் பலியாகவும் ஆகிவிடுகிறான்; எந்தச் சங்கீத வித்வானிடமும் எந்த ரசிகனும் இவ்வளவு கேட்டதில்லை.

இந்த மூன்று அரங்குகளும் எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கின்றன என்பதைக் கவனித்தால்தான் விஷயம் விளங்கும். வில்லும் மகுடமும் பீடத்தைப் பார்த்தே பாடுகின்றன. ஜனங்கள் பக்கத்திலோ பின்னாலோ, கிடைத்த இடத்தில் பாயை விரித்துக்கொள்கிறார்கள், தூங்குகிறார்கள், விழித்துக் கொஞ்சம் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய தெய்வம் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டு மற்றொரு பாட்டுக்கு இடைஞ்சல் என்று புகார் சொல்ல யாருக்கு உரிமை? வரத்துப் பாடுகிற கட்டம் வந்ததும் புலவர் கதையின் ஓட்டத்தை விட்டுவிட்டுத் தெய்வத்தைப் பேர்சொல்லி அழைக்க, அடியின் வேகம் இரட்டிக்க, தெய்வம் ஏறி ஆடும் சாமிகொண்டாடிக்கு அருள் வருகிறது. அதுவரை தனித்தனியே ஒலித்துக்கொண்டிருந்த மேளமும் மகுடமும் அப்போது அவர் காலைப் பின்தொடர்ந்து ஒன்றாகிவிடுவதை, தூங்கினவர்கள் கூட எழுந்து பார்க்கிறார்கள்.

பந்தற்காலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் மட்டும் ஊரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. சினிமாப் பாட்டு அதன் வழியாக அடுத்த ஊர் வரைக்கும் போகிறது. அதைக் கேட்கும்படி எந்த மாடனும் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை.

வில்லும் ஒருமுறை திரும்பியதுண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் காந்தியடிகளின் கதையை வில்லில் ஏற்றியபோது, அது பட்டணத்து மேடைக்குப் போய், ஜனங்களை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சிரிக்க வைத்தது, தேசபக்தி ஊட்டியது, நல்ல பேரும் வாங்கியது. ஆனால் அங்கே யாருக்கும் அருள் வரவேண்டிய அவசியமில்லாததால் வரத்துப் பாடும் பகுதி வேலையற்றுப் போயிற்று. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை வேறொரு வழியில் வில்லுக்குத் தொண்டு செய்தார். பிராமணனாய்ப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்த முத்துப்பட்டனின் கதைப்பாடலைப் பதிப்பித்து, 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் மூலம் வெளிவரச் செய்தார்.

அந்த முத்துப்பட்டன், பட்டவராயன் என்ற பேரில், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் பூஜை கொள்கிறான். பக்தர்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கானகமெங்கும் குடில் போட்டுத் தங்கும் அந்தப் பெருங்கூட்டத்தில், சங்கிலி பூதத்தார் முன்பு இரும்புச் சங்கிலியால் தம் மேனியையே அடித்துக்கொண்டு ஆடுவோரையும், ஒவ்வொரு சந்நிதியாக நாம் நடந்து போகவேண்டிய முறையையும் பற்றி எழுத ஒரு வாரம் முழுதும் வேண்டும். அடுத்த இதழில் மலை ஏறுவோம்.