செம்பின் வாய்

சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் அவருடைய ஐந்து வயதுப் பெண் ஸ்லேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்து, எதிரே இருந்த பித்தளைச் செம்பைப் படமாக எழுதிக்கொண்டிருந்தாள். மேலே பூரண சந்திரனைப் போல் ஒரு வட்டம். அதன் கீழ்ப் பூசணிக்காய் போன்ற வயிறு. அடியில் ஒரு நேர்கோடு. வயிற்றின் ஒரு புறத்தில் எலி கடித்தாற்போல் சிறு பள்ளம்.

நண்பர் எட்டிப் பார்த்தார். "செம்பின் வாய் இப்படியா இருக்கும்? இது என்ன பள்ளம்? பலப்பம் வழுக்கிவிட்டதா?" என்று சொல்லி, ஈரத்துணியால் ஸ்லேட்டைத் துடைத்தார். பிறகு குழந்தையின் கையைத் தம் கைக்குள் பிடித்துக்கொண்டு லட்சணமான செம்பு ஒன்றைப் போட்டுக் காட்டினார். மறுநாள் காலையில் நாம் அந்தக் குழந்தையிடம் ஒரு குடம் போட்டுக் காட்டும்படி கேட்டோம். "எனக்கு வராது. அப்பாவுக்குத்தான் வரும்" என்றாள்.

நேற்றுவரை அவளுக்கு வந்தது. ஓர் இரவில் வராமல் போய்விட்டது. நம் வீடுகளில் இது அன்றாடம் நடப்பதுதான். நடத்துகிறவர்கள் குழந்தைகளிடம் மிகுந்த வாஞ்சை உள்ளவர்கள் என்பதுதான் வருத்தம்.

நண்பர் எதைத் துடைத்தார் என்று பார்ப்போம். செம்பின் வாய் வட்டமானது என்பது குழந்தைக்குத் தெரியும். விரலால் தடவியிருக்கிறாள்; உள்ளே கையை விட்டிருக்கிறாள். அது தரையில் உருளாமல் நிற்பதும் தெரியும். ஆகையால் மேலே வட்டம், கீழே நேர்கோடு. கண்ணுக்குத் தோன்றுவதை அல்ல, தான் அறிந்ததையே அவள் எழுதினாள். லூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் 1927ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நார்மன் ஃப்ரீமனும் அவருடைய சகா ஒருவரும் 1972ல் வெளியிட்ட சோதனை இன்னும் ரஸமானது. பூப்போட்ட கோப்பை ஒன்றைக் குழந்தைகள் முன் வைத்தார்கள். பூ முன்னால் தெரியும். காது பின்பக்கமாய் மறைந்திருக்கும். சிறிய குழந்தைகள் தெரிகிற பூவை விட்டுவிட்டு, தெரியாத காதை எழுதினார்கள்! காதில்லாமல் கோப்பை ஏது? வயதில் பெரியவர்களோ காதை விட்டுப் பூவை எழுதினார்கள். நடுவே யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. பார்வை தானே முதிர்கிறது.

இதை அறியாத காலத்தில் சித்திரப் பாடம் என்பது காப்பி எழுதுவதாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஏற்பட்ட முறை அது. நேர்கோடு, வளைகோடு, பெட்டி, கூம்பு என்று அச்சுப் படங்களைப் பார்த்து எழுதவேண்டும். அந்த முறை இந்தியப் பள்ளிக்கூடங்களுக்கும் கப்பலேறி வந்தது. வீட்டில் கெண்டியையும் குடத்தையும் புழங்கிய பிள்ளைகள், தாங்கள் தொட்டறியாத சீமைத் தேநீர்க் கூஜாவைக் கட்டம் போட்டு எழுதி மார்க்கு வாங்கினார்கள். வியன்னா நகரில் ஃப்ரான்ஸ் சிஜெக் என்ற ஆசிரியர் 1897ல் சிறுவர்களுக்கென்று ஒரு சித்திர வகுப்புத் தொடங்கி, அவர்கள் மனம்போல் எழுத இடம் கொடுத்தார். அதைப் பலர் அதிசயமாகப் பார்த்தார்கள்.

அப்படியானால் குழந்தைக்கு ஒன்றுமே சொல்லித்தரக் கூடாதா என்று தாய்மார்கள் கேட்கலாம். தாராளமாகச் சொல்லித்தரலாம், ஆனால் கோட்டையல்ல, செம்பை. முதலில் அதைக் குழந்தையின் கையில் கொடுங்கள். தண்ணீர் மொண்டு ஊற்றட்டும். கழுத்தை விரலால் சுற்றி வரட்டும். "எந்த இடம் குறுகல்? எந்த இடம் பருமன்? உன் கை உள்ளே போகுமா?" என்று கேளுங்கள். பிறகு பெரிய தாளோ, சிமிட்டித் தரையும் சாக்குக்கட்டியுமோ கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுங்கள். மணிக்கட்டு மட்டுமல்ல, தோள்முதல் கை முழுவதும் அசையும்படி படம் பெரிதாக இருப்பது நல்லது. ரப்பரை மட்டும் ஒளித்து வையுங்கள். அதைக் கண்டுபிடித்தவர் குழந்தைகளை நினைத்துக் கண்டுபிடித்திருக்க மாட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

எட்டு, ஒன்பது வயதில், "நான் போட்டது செம்பு மாதிரி இல்லையே!" என்று குழந்தையே வந்து நிற்கும். அதுதான் சமயம். செம்பை அதன் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடியுங்கள். வாய் வெறும் கோடாகத் தோன்றும். மெல்லத் தாழ்த்துங்கள், கோடு மாவிலைபோல் விரியும். இன்னும் தாழ்த்தினால் கோழிமுட்டை. தரையில் வைத்து மேலிருந்து எட்டிப் பார்த்தால் பூரண வட்டம், அதாவது ஐந்து வயதில் எழுதிய அதே வட்டம். கண்ணுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு வட்டம் விரிந்து தெரிவதால், செம்பின் அடிப்பக்கம் வாயைவிட அதிகமாக வளைந்திருக்கவேண்டும். இந்தச் சூட்சுமத்தைப் பெரியவர்களிலும் பலர் அறியார். நண்பர் போட்ட லட்சணமான செம்பிலும் அடியில் நேர்கோடுதான் இருந்தது!

இதை நாம் எடுத்துச் சொன்னபோது நண்பர் சிரித்தார். "வட்டம் சரி, பள்ளத்துக்கு என்ன சமாதானம்?" என்று கேட்டார். செம்பைக் கொண்டுவரச் செய்து குழந்தை இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தோம். வயிற்றின் ஒரு புறத்தில், கட்டைவிரல் பதியும் அளவுக்கு, நசுங்கல் இருந்தது. தினந்தோறும் அதில் தண்ணீர் குடிக்கும் நண்பர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குழந்தை அவர் காதோடு சொன்னாள்: "கிணற்றடியிலே கீழே போட்டது நான்தான். அம்மாவிடம் சொல்லிவிடாதே, அப்பா!"